மந்தமும் நீரிழிவும்



"வயிறு மந்தமாக் கிடக்கு" என்று ஊரில் ஆச்சிமார் சொல்வார்கள். ஆயுர்வேதத்தின் மந்தாக்கினியும் அதுதான். சரக சங்கிதை உடலில் 13 அக்கினிகளைக் கூறும்: சமிபாட்டுக்கு 1, ஐம்பூதங்களுக்கு 5, ஏழு தாதுக்களுக்கு 7. முதலாவது குன்றினால் உணவு சரிவரச் சமிக்காமல் 'ஆமம்' ஆகி நோய்க்கு வித்திடும் என்பது அதன் கருத்து. நீரிழிவும் அடங்கும் பிரமேகத்தை அது 20 வகையாகப் பிரித்தது. சுகமாக இருந்தபடியே இருத்தல், மிகுந்த நித்திரை, தயிர், வெல்லப் பண்டங்கள் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது.

வைத்தியம் எமது மண்ணிலும் வேரூன்றியது. யாழ்ப்பாண அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய தமிழ் வைத்திய நூல்கள் அதற்குச் சாட்சி.

தோட்டம் கொத்தியவரின் சோற்றுக் கோப்பை எம்மோடு சான்டா கிளாராவுக்கு வந்தது, மண்வெட்டி வரவில்லை. எமக்கு அருகே மவுண்டன் வியூவில், எல் கமினோ மருத்துவமனை 2006 இல் தென்னாசியருக்கென இதய நிலையம் தொடங்கியது. ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறைச் சுட்டி 25 வரை காத்திராமல் 23 இலேயே நீரிழிவுப் பரிசோதனை வேண்டும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 இல் அறிவுறுத்தியது.

பழைய நூல்கள் இன்சுலினை அறியா. ஆகவே கசாயத்தை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் நடக்கச் சொல்வதில் சுசுருதரும் இன்றைய டொக்டரும் ஒன்றே. சான் தோமஸ் அக்வினோ ஓடைக்கரை அருகில்தானே இருக்கிறது!