இடிப்பவர்களின் காமிரா

நகரத்தின் பின்சந்துகளில் அழகு காண்பது புகைப்படக்காரர்களிடையே இன்று ஒரு ருசியாக நிலைத்துவிட்டது. காரை உதிர்ந்த சுவர், சாக்கடை ஈரத்தில் விழும் வெளிச்சம், கொடியில் தொங்கும் துணி என்று அதற்கென்று ஒரு சாமான் பட்டியல்கூட உருவாகிவிட்டது. இந்த ருசிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது அத்தனை கௌரவமானதல்ல. சந்துகளுக்குள் காமிராவை முதலில் அனுப்பி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் அழகைத் தேடியவர்கள் அல்ல. சந்துகளை இடிக்க இருந்தவர்கள்.

பாரிஸில் சார்ல் மார்வில் 1860களில் பழைய தெருக்களைப் படமெடுத்தது நகர நிர்வாகத்துக்காக. அந்தத் தெருக்களை ஓஸ்மான் தன் அகலச் சாலைகளுக்காக இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கிளாஸ்கோவில் தாமஸ் அன்னனின் விஷயம் இன்னும் கூர்மையானது. அங்கே ‘குளோஸ்’ என்பார்கள். பெரிய தெருவிலிருந்து பிரிந்து, உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ளே போகும் ஒடுங்கிய வழி. நம் தென்மாவட்டங்களில் வழங்கும் ‘முடுக்கு’ என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. காலராவும் டைபஸ் ஜுரமும் திரும்பத் திரும்ப வந்த முடுக்குகள். இவற்றை வாங்கி இடிப்பதற்கான சட்டம் 1866இல் வந்தது. அதன்படி அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் 1868இல் அன்னனை அழைத்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சட்டம் முதலில், படம் பிறகு. யாரையும் நம்பவைப்பதற்காக எடுத்த படங்கள் அல்ல இவை. தீர்ப்பு எழுதி முடித்த பின், தூக்குக்குப் போகிறவனின் முகத்தைப் பதிந்து வைத்துக்கொள்வது போன்ற காரியம். முப்பத்தொரு படங்கள் கொண்ட ஆல்பமாக இவை 1871 வாக்கில் தொகுக்கப்பட்டன. தலைப்புகளும் ஆவணத் தலைப்புகளே: ஹை ஸ்ட்ரீட் 118ஆம் எண் முடுக்கு, ஹை ஸ்ட்ரீட் 193ஆம் எண் முடுக்கு, சால்ட்மார்க்கெட் 46ஆம் எண் முடுக்கு. எண் உண்டு; அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் இந்தப் படங்கள் அழகானவை. இது எப்படி நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. அன்னனின் கலை மேதைமை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. மறுபாதி அவருடைய சாதனத்தில் இருக்கிறது. ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டின் மேல் பூச்சைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். தகட்டுக்கு வெளிச்சம் ஏராளமாகத் தேவை. முடுக்கிலோ வெளிச்சம் தலைக்கு மேலே தெரியும் ஒரு கீற்று வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். அது சுவர் வழியாக வழிந்து, நடைகல்லின் ஈரத்தில் தேங்குகிறது. அந்தக் கொஞ்ச வெளிச்சம் தகட்டில் சேரும்வரை லென்ஸைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசையாமல் நின்றவர்கள் படத்தில் மனிதர்களாக இருக்கிறார்கள். நகர்ந்தவர்கள் புகையாகிப் போனார்கள்.

இதன் பொருள், முடுக்கின் ஆட்கள் நிற்கச் சம்மதித்தால்தான் படத்தில் முகத்தோடு இருக்க முடியும் என்பது. டிரஸ்ட் கேட்டது சுவர்களை. சுவரோரம் வந்து நின்று காமிராவைத் திரும்பிப் பார்த்த பெண்களையும் குழந்தைகளையும் யாரும் கேட்கவில்லை. பின்னால், மேல்மாடி ஜன்னல்களிலிருந்து நீட்டிய கழிகளில் துணி காய்கிறது. அழுக்கும் வியாதியுமே இந்த இடம் என்று சொன்ன சட்டத்தின் ஆவணத்திலேயே, யாரோ துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி. அழகு என்று நான் சொல்வது இதைத்தான். கட்டளையிட்டவனின் வாக்குமூலத்துக்குள் எதிர்சாட்சி வந்து நின்றுவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க ஜேக்கப் ரீஸ் இருக்கிறார். நியூயார்க்கில் போலீஸ் செய்திகள் எழுதிய நிருபர். 1887இல் ஃபிளாஷ் பவுடரைப் பற்றித் தெரிந்துகொண்டு, இரவில் மல்பெரி தெருவின் சந்துகளுக்குள்ளும் வாடகை அறைகளுக்குள்ளும் ஆட்களோடு நுழைந்தார். வெடித்த வெளிச்சத்தில் தூக்கம் கலைந்து விழித்த முகங்கள் அவர் படங்களில் இருக்கின்றன. அங்கே சம்மதத்துக்கு நேரமில்லை. ரீஸின் நோக்கம் நல்லது. அவர் 1890இல் வெளியிட்ட புத்தகம் பலன் தந்தது. மல்பெரி பெண்ட் இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவாயிற்று. அழகைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. 1914இல் அவர் இறந்தபின் நெகடிவ்கள் மறக்கப்பட்டு, 1940களில் கண்டெடுக்கப்பட்டு, 1947இல் கண்காட்சிக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் அவற்றைக் கலை என்றார்கள். பரிதாபம் கேட்டவருக்கு ரசனை கிடைத்தது.

வால்டர் பெஞ்சமினின் ஆட்சேபம் இங்கேதான் முக்கியமாகிறது. 1934இல் அவர் சொன்னதன் சாரம் இது: புகைப்படம் வறுமையையே நாகரிகமாகப் பதப்படுத்தி அனுபவிக்கும் பொருளாக மாற்றிவிட்டது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பெஞ்சமின் மூன்று வருஷம் முன்பு அட்ஜேயின் ஆளற்ற பாரிஸ் தெருக்களைக் குற்றம் நடந்த இடங்களோடு சேர்த்துப் பேசினார். அட்ஜே தன் படங்களை ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்றே விற்றவர். ஆவணம் என்ற அடக்கம் இருந்த இடத்தில் பெஞ்சமினுக்கே அழகு உறுத்தவில்லை. ஆகவே சண்டை அழகோடு அல்ல. அந்த இடத்துக்கு முன்னால் நிற்காமல், எடுத்துக்கொண்டு ஓடிவிடும் அழகோடுதான்.

கிளாஸ்கோவின் கதை ஒழுங்காக முடியவில்லை. 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி திவாலாயிற்று. நிலத்தை வாங்க ஆளில்லை. இடிக்க வந்த டிரஸ்ட் தன் கையில் சிக்கிய வீடுகளுக்குத் தானே வாடகை வசூலிக்கும் எஜமானாக நின்றது. இடித்த இடங்களின் ஜனங்கள் பக்கத்து முடுக்குகளில் போய் நெருங்கிக்கொண்டார்கள். 1900இல் அன்னனின் மகன் ஜேம்ஸ் கிரெய்க் அன்னன் படங்களை ஃபோட்டோகிராவ்யூரில் அழகிய பதிப்பாக வெளியிட்டார். அதற்குள் பல முடுக்குகள் இல்லை. படங்கள் பழமையின் நினைவுப்பொருளாகிவிட்டன. இடித்த பிறகு வரும் ஏக்கம் மலிவானது. அதில் யாருக்கும் ஒரு அறைகூடத் திரும்பக் கிடைப்பதில்லை.

சந்துகளில் அழகில்லை என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இருக்கிறது என்பவர்களிடம்தான் கேட்கிறேன். கொடியில் வெள்ளையாகத் தொங்குவது உங்களுக்கு வெறும் ஒளியா, அல்லது காலையில் யாரோ துவைத்த துணியா? அன்னனின் தகட்டில் அது இரண்டுமாக இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிகிறவன் இன்னும் டிரஸ்டின் ஆள்தான்.