பம்பாயின் ஏரிக்கரைகள்

ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோற்றுடன் ஆற்றங்கரைக்குச் செல்வதும், சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் நீராடுவதும் தமிழ்நாட்டு வாழ்க்கையில் ஊறிய வழக்கங்கள். தண்ணீர் உள்ள இடத்தில் மனம் இளைப்பாறும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நாம் அந்த இளைப்பாறுதலை எங்கே பெறுகிறோம்? கடற்கரை இருக்கிறதே என்று உடனே விடை வரும். ஆனால், இன்று மும்பை என வழங்கும் இந்நகரின் வடபால், குன்றுகளுக்கு நடுவே விஹார், துளசி, பவாய் என மூன்று ஏரிகளும் உண்டு. அவற்றின் வரலாறு நம்மவருள் பலர் அறியாதது. நமது வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

மலையில் பெய்யும் மழையைத் தேக்கி வைக்கும் கலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கி.மு. முதல் நூற்றாண்டளவில் கன்ஹேரிக் குன்றில் பௌத்தத் துறவிகள் குகைகளைக் குடையத் தொடங்கினர். நூற்றுக்கு மேற்பட்ட அக்குகைகளின் அருகே, பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளை இன்றும் காணலாம். மழைக்காலத்து நீரை ஆண்டு முழுவதற்கும் சேமித்த அவர்களது முன்யோசனை வியக்கத்தக்கது.

தீவு நகரமாகிய பம்பாயோ கிணறுகளையும் குளங்களையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தது. மக்கள்தொகை பெருகப் பெருக அவை போதவில்லை. 1854-ஆம் ஆண்டில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தது. அதன் பின்னர் ஹென்றி கோனிபேர் என்ற பொறியியலாளரின் திட்டப்படி, மிட்டி ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அணைகள் எழுப்பப்பட்டன. 1856-இல் தொடங்கிய வேலை 1860-இல் முடிந்து, விஹார் ஏரியின் நீர் குழாய் வழியே நகருக்குள் வந்தது. அதுவும் போதாமற்போகவே, 1879-இல் துளசி ஏரி அமைந்தது.

மூன்றாவதாகிய பவாயின் கதை சற்று வேறுபட்டது. பவாய் ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிராம்ஜி கவாஸ்ஜி பானாஜி என்ற பார்ஸி வணிகர் அங்குள்ள நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டப் பயிர்கள் வளர்த்தார். 1890-களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கில் அணை கட்டி ஏரியாக்கினர். ஆனால் அந்த நீர் குடிப்பதற்கு ஏற்றதாக அமையவில்லை. குடிநீர்த் திட்டத்தினின்றும் அது விலக்கப்பட்டது.

தாகம் தீர்க்கும் முயற்சியில் தோற்ற அந்த ஏரியே, களைப்புத் தீர்க்கும் இடமாக நிலைபெற்றது! விஹாரும் துளசியும் குடிநீர் தருபவை; ஆகவே அவற்றின் கரைகள் காவலுக்கு உட்பட்டன. பவாய்க்கு அத்தனை கட்டுப்பாடு இல்லை. தூண்டில் பிடிப்போர் சங்கம் அமைத்து அங்கே கூடினர். பறவைகளைக் காண்போர் வந்தனர். கரையில் உலாவச் சென்றோரும் உண்டு. 1949-இல் அண்டையில் ஆரே பால் பண்ணைக் குடியிருப்பு உருவாயிற்று. மாட்டுக் கொட்டில்களுக்கென ஏற்பட்ட அவ்விடத்தின் பூங்காவும் மரநிழலும் விடுமுறை நாட்களில் குடும்பங்களை ஈர்த்தன. 1958-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பவாய்க் கரையிலேயே வளர்ந்தது. சிற்றூராயிருந்த பவாய் இன்று மாடிக் கட்டடங்கள் நெருங்கிய பெரும் புறநகர்.

இனி, ஏரி நீர் செல்லும் வழியைப் பின்தொடர்வோம். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மிட்டி ஆறாகிறது. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழியில் அது கலக்கிறது. மீன்பிடிக்கும் கோளி மக்களின் ஊராயிருந்த தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டுக் குடியேறினர். மேலே குன்றுகளிடையே தெளிந்த ஏரியாக நின்ற நீர், வழியில் ஆலைக் கழிவையும் சாக்கடையையும் ஏற்று, அவர்கள் வீட்டருகே கருநிறமாய் வந்து சேர்ந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மிட்டி கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. கரையைச் சுருக்கியதன் பலனை நகரம் அன்று கண்டது. ஏரிக்கரையில் உலாவுவோர் ஒரு சாரார். அதே நீரின் கடைமடையில் அல்லலுறுவோர் மற்றொரு சாரார். இரு சாராரையும் ஓர் ஆறு பிணைத்திருக்கிறது.

ஆயினும் கெட்டது அனைத்தும் கெட்டே தீரவேண்டுமென்ற விதி இல்லை. தாராவியை அடுத்து, மிட்டிக் கரையில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட இடம் ஒன்று இருந்தது. அதில் மண் பரப்பி, மரங்கள் நட்டு, 37 ஏக்கரில் ஒரு சோலையை வளர்த்தனர். மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்னும் அது 1994-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நெருக்கடியான சந்துகளில் வளரும் தாராவிச் சிறுவர்களுக்குப் பட்டாம்பூச்சியும் பறவையும் கூப்பிடு தூரத்தில் கிட்டின. பவாய்க்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் ஓய்வும் வேண்டும். இவ்விரண்டும் அரிதான குடும்பத்திற்கு இத்தகைய சோலையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இன்பப் பொழுதுக்கென்று செய்வதும் அளவு மீறினால் நீர்நிலைக்குக் கேடாகலாம். பவாய் ஏரிக்கரையில் மாநகராட்சி தொடங்கிய மிதிவண்டிப் பாதைப் பணி சட்டத்துக்குப் புறம்பானதென்று 2022 மே மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அமைத்ததை அகற்றுமாறு ஆணையிட்டது. ஏரியை நிரப்பிவிட்டு ஏரிக்கரையில் உலாவ முடியாதல்லவா?

நம் ஊர்களில் ஏரிக்கரையைக் காக்கவும், மடையைத் திறக்கவும், தூர் எடுக்கவும் ஊரார் முறை வைத்துக்கொண்டனர். ஏரியின் இன்பத்தை நுகர்வோருக்கு ஏரியின் கடமையும் உண்டு என்பதே அதன் பொருள். வந்த ஊர் நமது ஊராகிவிட்ட பின்னர், அந்தக் கடமையும் நம்முடன் வந்ததாகவே கொள்ளல் வேண்டும். அடுத்த விடுமுறையில் குழந்தைகளைப் பவாய்க் கரைக்கோ, கன்ஹேரிக் குன்றுக்கோ, மாஹிம் சோலைக்கோ அழைத்துச் செல்வோம். அங்கே அவர்கள் விளையாடட்டும். வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து புறப்படுகிறது, வீட்டருகே ஓடும் ஆறு எதனால் கறுத்தது என்பதையும் அங்கேயே அவர்களுக்குச் சொல்வோம்.