பாஸ்டன் பள்ளிகளில் இனச் சமத்துவ இயக்கம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் வெள்ளையர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வியே தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாக நடத்திய கூட்டுப் போராட்டம்.

1840களில் வில்லியம் கூப்பர் நெல் தலைமையில் பெற்றோர் மனு மேல் மனு கொடுத்தனர். கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஸ்மித் பள்ளியைப் பலர் புறக்கணித்தனர். அச்சகம் நடத்திய பெஞ்சமின் ராபர்ட்ஸ், ஐந்து வயது மகள் சாராவுக்காக வழக்குத் தொடுத்தார். வீட்டுக்கு அருகிலேயே ஒரு பள்ளி இருந்தும், அந்தச் சிறுமி ஐந்து பள்ளிகளைத் தாண்டி 2,100 அடி நடக்க வேண்டியிருந்தது. 1850இல் வழக்கு தோற்றது, மனுக்கள் நிற்கவில்லை. 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்தது.

அடுத்த நூறாண்டில் குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்தன. பள்ளிகளும் அவ்வழியே பிரிந்தன.

1963 ஜூன் 11 அன்று இயக்கத் தலைவர்களுள் ஒருவரான ரூத் பேட்சன் நகரப் பள்ளிக் குழுவின் முன் கோரிக்கைகளை வைத்தார். வெள்ளை மாணவருக்குத் தலைக்குச் சராசரி 340 டாலர், கறுப்பின மாணவருக்கு 240 டாலர் செலவிடப்படுவதாக இயக்கத்தார் கணக்குக் காட்டினர். லூயிஸ் டே ஹிக்ஸ் தலைமையிலான குழு, பிரிவினை இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில், ஜூன் 18 அன்று, மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து, இயக்கத்தார் அமைத்த சுதந்திரப் பள்ளிகளில் கூடினர். வந்தவர்கள் 3,000 பேர் என்று சில பதிவுகளும், 8,000க்கு மேல் என்று வேறு சிலவும் கூறுகின்றன. 1964 பிப்ரவரியில் நடந்த இரண்டாம் புறக்கணிப்பில் சுமார் 20,000 பேர் கலந்துகொண்டதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 1965 ஆகஸ்டில் மாநிலச் சட்டம் வந்தது: வெள்ளையரல்லாத மாணவர் பாதிக்கு மேல் உள்ள பள்ளி சமநிலை இழந்ததாகக் கொள்ளப்படும். பள்ளிக் குழு அதைச் செயல்படுத்தாமல் இழுத்தடித்தது.

பெற்றோர் காத்திருக்கவில்லை. காலியிடம் உள்ள எந்தப் பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்கலாம், போக்குவரத்துச் செலவு மட்டும் பெற்றோருடையது என்பது அன்றைய நகர விதி. ஐந்து பிள்ளைகளின் தாயான எலன் ஜாக்சனும் ராக்ஸ்பரி பகுதித் தாய்மாரும் அந்த விதியையே பிடித்துக்கொண்டனர். 1965 செப்டம்பரில் 'ஆபரேஷன் எக்ஸோடஸ்' தொடங்கியது. நன்கொடை திரட்டிப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கார்களில் போனார்கள். பல நூறு பிள்ளைகள் நெரிசலான பள்ளிகளை விட்டு வேறு பள்ளிகளுக்குச் சென்றனர். இவ்வியக்கத்தின் மிக உறுதியான செயல் இதுவே எனலாம். புறநகர்ப் பள்ளிகளுக்கு மாணவரை அனுப்பும் 'மெட்கோ' திட்டம் 1966இல் ஏழு ஊர்களில் 220 பேருடன் தொடங்கியது.

பெற்றோர் 1972இல் தொடுத்த வழக்கில், 1974 ஜூன் 21 அன்று நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பள்ளிக் குழு தெரிந்தே பிரிவினையை வளர்த்ததாகத் தீர்ப்பளித்தார். பிரிவினையை நீக்க, மாணவரைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பவும் உத்தரவிட்டார். செப்டம்பரில் சவுத் பாஸ்டனில் கறுப்பின மாணவர் சென்ற பேருந்துகள் மீது கற்கள் வீசப்பட்டன. நீதிமன்றம் விதித்த கட்டாயப் பேருந்துத் திட்டம் பெற்றோரின் நோக்கத்தை எந்த அளவு நிறைவேற்றியது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

மெட்கோ இன்றும் நடைபெறுகிறது. நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கும் நகர அரசுப் பள்ளிகளின் சேர்க்கை முறையும், இதே சமத்துவக் கோரிக்கையின் தொடர்ச்சியாக, 2021இல் மாற்றப்பட்டது.