சம்பளமில்லாத வேலையும் சமவாய்ப்பும்



பள்ளிப் பிள்ளைகள் அரும்பொருளகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒருவர் முன்னே நடந்து, ஒரு சிலையருகே நின்று, அது எந்தக் காலத்தது, யார் செய்தது என்று விளக்கிச் சொல்வதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பணிக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்து வந்தார்கள்? அந்தத் தேர்வில் நியாயம் இருந்ததா? இன்று இந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் லண்டனுக்குச் செல்வோம். பிரிட்டிஷ் அரும்பொருளகம் 1753-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1759-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கேன்டர்பரிப் பேராயர், லார்டு சான்ஸலர், மக்களவைத் தலைவர் ஆகிய மூவரும் அந்நாளில் அதன் தலைமை அறங்காவலர்களாக இருந்தார்கள். அங்கே உத்தியோகம் வேண்டுவோர் அவர்களுடைய நியமனத்தைப் பெற வேண்டியிருந்தது. கவிஞர் கோவென்ட்ரி பாட்மோர் 1846-இல் நூற்பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தார். அவருக்கு அந்த இடம் கிடைத்தது நாடாளுமன்ற உறுப்பினர் மாங்ட்டன் மில்ன்ஸின் முயற்சியால்தான். பாட்மோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். ஆனால் சிபாரிசு செய்ய ஆளில்லாத காரணத்தால் எத்தனை திறமைசாலிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்களோ, யார் அறிவார்?

இந்தச் சிபாரிசு முறையை எதிர்த்து 1854-இல் நார்த்கோட், டிரெவெல்யன் என்னும் இருவர் ஓர் அறிக்கை அளித்தார்கள். அரசு உத்தியோகங்களைத் தேர்வு வைத்தே நிரப்ப வேண்டும் என்றது அது. 1870-இல் பெரும்பாலான அரசுத் துறைகளில் பொதுப்போட்டித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. சிபாரிசுக் கதவு மெல்ல மூடத் தொடங்கியது. ஆனால் அரும்பொருளகக் கல்விப் பணியில் பிறகு வேறொரு தடை முளைத்தது. அதைக் காண நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

போஸ்டன் நகரின் நுண்கலை அரும்பொருளகத்தில் 1907-இல், வருவோருக்குக் கலைப்பொருள்களை விளக்கிச் சொல்ல 'டோசென்ட்' என்ற பெயரில் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். கற்பித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாளடைவில் அமெரிக்காவெங்கும் அந்தப் பெயர் சம்பளம் வாங்காத தொண்டர்களைக் குறிக்கலாயிற்று. சிகாகோ கலைக்கழகத்தில் 1961-இல் இத்தகைய தொண்டர் மன்றம் ஒன்று தோன்றியது. அதில் சேர்ந்தவர்கள் ஒன்றரை ஆண்டுக் காலம் பயிற்சி பெற்றார்கள். பிறகு பல்லாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட யாராலும் முடியாது.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும், நேயர்களே. ஒன்றரை ஆண்டு சம்பளமில்லாமல் பயிற்சி பெற யாரால் இயலும்? காலையில் வேலைக்குப் போனால்தான் மாலையில் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துப் பெண், எவ்வளவு படித்திருந்தாலும், இதற்கு மனுப்போட முடியுமா? 'ஏழைகள் வரவேண்டாம்' என்று எந்த விளம்பரத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சம்பளம் பெறும் வேலைகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஊதியமில்லாப் பயிற்சிதான் பலருக்கு அவ்வேலைகளின் முதற்படி. 2015-இல் மெலன் அறநிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்கக் கலை அரும்பொருளகங்களின் காப்பாளர், பாதுகாப்பு வல்லுநர், கல்வியாளர், தலைவர் ஆகிய பதவிகளில் நூற்றுக்கு 84 பேர் ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர். 2019-இல் அந்நாட்டுக் கலை அரும்பொருளக இயக்குநர் சங்கம், பயிற்சியாளர்களுக்கு ஊதியம் கொடுங்கள் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

2021 செப்டம்பரில் சிகாகோ கலைக்கழகம் தன் தொண்டர்கள் 82 பேருக்குக் கடிதம் எழுதி, அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. இனிச் சம்பளம் பெறும் கல்வியாளர்களை அமர்த்துவோம் என்றது. தொண்டர்களுள் பெரும்பாலோர் வயதில் மூத்த, வசதியுள்ள வெள்ளையினப் பெண்மணிகள். கடிதம் கண்டு அவர்கள் மனம் நொந்தார்கள். நாளேடுகளில் பெரும் வாதம் எழுந்தது. சம்பளம் கொடுத்து எல்லோருக்கும் கதவைத் திறப்பது நியாயமே. ஆனால் நெடுங்காலம் உழைத்தவர்களை ஒரு கடிதத்தோடு அனுப்பிவைத்தது நியாயமா? அவர்களைப் புதியவர்களுக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? வேலை காலி என்பதை எல்லோரும் அறிய விளம்பரம் செய்ய வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். நேர்முகத் தேர்வில் அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, "இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்குங்கள்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மனுதாரர் யாருக்குத் தெரிந்தவர், எந்த வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். அவருடைய திறமை மட்டுமே கண்முன் நிற்கும்.

அரும்பொருளகத்துக்கு வரும் பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட முன்னே நடப்பவரும் எந்த வீட்டிலிருந்தும் வரக்கூடியவராக இருக்க வேண்டும்.