‘இலவசம்’ என்ற சொல் வந்ததும் போனதும்

சென்ற மாதம் எமது வானொலியில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. நிகழ்ச்சி முடிந்ததும் எப்சத்தில் வசிக்கும் ஒரு இளம் தாயார் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணை, இருபது மணித்தியாலம் ஃபிறீ எண்டு சொல்லினம். பிறகேன் எங்களுக்கு பில் வருது?” நான் தொழிலால் கணக்காளன். பில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பணம் எங்கிருந்து எப்படி வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு 1889இல் ஆரம்பிக்கிறது.

அந்த வருடம் டனீடின் நகரத்தின் ஏழைகள் வாழ்ந்த வோக்கர் வீதியில் நியூசிலாந்தின் முதலாவது இலவச பாலர் பாடசாலை திறக்கப்பட்டது. றேச்சல் றெனோல்ட்ஸ் போன்ற வசதியான குடும்பத்துப் பெண்கள் சங்கம் அமைத்து, நிதி திரட்டி நடத்தினார்கள். ஒக்லாந்தில் அவ்வாறான சங்கம் 1908இல் உருவானது. குயீன் வீதிக்குப் பக்கத்தில் மயர்ஸ் பூங்காவுக்குள் இருக்கும் பாலர் பாடசாலைக் கட்டடம் நகர முதல்வராக இருந்த ஆதர் மயர்ஸ் கொடுத்த பணத்தில் 1916இல் எழுந்தது. அன்று ‘இலவசம்’ என்றால் தர்மம். கொடுப்பவர் மனம் மாறினால் கதவு மூடப்படலாம்.

எங்கள் ஊரிலும் ஏறக்குறைய இதே நிலைதான். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் படித்தவர்கள் நாங்கள். ஆனால் அது பள்ளிக்கூட வாசலில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய வயதுப் பிள்ளைகளைச் சனசமூக நிலையங்களும், கோயில்களும், தேவாலயங்களும் பார்த்துக்கொண்டன. பாலர் வகுப்பு ரீச்சருக்குக் கிடைத்த சிறு தொகையை யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

இந்த நாட்டில் மாற்றம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1947இல் பெய்லி தலைமையிலான குழு பாலர் கல்வி அரசின் பொறுப்பு என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடம் பாலர் பாடசாலை ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. தர்மம் உரிமையாக மாறத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் முழுநாளும் இருக்கும் பராமரிப்பு நிலையங்களுக்கு இது கிடைக்கவில்லை. அவை 1986 வரை கல்வித் திணைக்களத்தின் கீழ் அல்ல, சமூகநலத் திணைக்களத்தின் கீழேயே இருந்தன. அரை நாள் வருகிற பிள்ளைக்குக் கல்வி, முழு நாள் வருகிற பிள்ளைக்கு நலன்புரி! 1988இல் ஆன் மீட் குழுவின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து லாங்கி அரசாங்கம் வெளியிட்ட ‘பிஃபோர் ஃபைவ்’ கொள்கையும் இந்த வேறுபாட்டைக் குறைத்தன. பிள்ளை இருக்கும் மணித்தியாலக் கணக்கில் நிலையத்துக்கு மானியம் செல்லும் முறை வந்தது.

இங்கே ஒரு விடயத்தை நாங்கள் கவனிக்க வேண்டும். மாவோரி மக்கள் தங்கள் மொழியைக் காப்பாற்ற 1982இல் முதலாவது கோஹங்கா றெயோவைத் தொடங்கினார்கள். ஒக்லாந்து பொன்சன்பியில் சமோவா மக்கள் 1984இல் தங்கள் மொழியில் தொடங்கிய பாலர் நிலையம் 1990இல் அனுமதி பெற்றது. பசிபிக் மக்களின் நிலையங்களில் அனுமதி பெற்ற முதலாவது அதுதான். முதலில் பாயை விரித்துப் பிள்ளைகளை இருத்தினார்கள். பணம் பின்னால் வந்தது.

2007 ஜூலையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 20 மணித்தியாலம் இலவசம் என்ற திட்டம் ஆரம்பமானது. குடும்ப வருமானம் கேட்கப்படவில்லை. 2010இல் திட்டம் தொடர்ந்தது, பெயரில் இருந்த ‘இலவசம்’ மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த 20 மணித்தியாலத்துக்கு நிலையம் கட்டணம் அறவிட முடியாது. சாப்பாடு, சுற்றுலா போன்றவற்றுக்கு ‘விருப்பக் கட்டணம்’ கேட்கலாம், பெற்றோர் மறுக்கலாம். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலத்துக்கு மேல் கணக்கில் வராது. ஆகவே முழுநாள் விட்டால் மிகுதி நேரத்துக்கு பில் வரும்.

2023இல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இதை விரிவாக்க அறிவித்தார்கள். அதே வருடம் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. பதிலாக 2024இல் ‘ஃபமிலிபூஸ்ட்’ வந்தது. கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்லன்ட் றெவனியூவிடம் திரும்பப் பெறலாம். கணக்காளனாக எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. திரும்பப் பெறுவதற்கு முதலில் கட்டக் காசு வேண்டும். துப்புரவு வேலை செய்து வாரச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சுலபமல்ல. அப்படியானவர்களுக்குத்தான் ‘வின்ஸ்’ கொடுக்கும் சைல்ட்கெயர் சப்சிடி இருக்கிறது. அது நேரே நிலையத்துக்கே போகும். வேலை இல்லாதவர்களும் வாரம் 9 மணித்தியாலம் வரை கேட்கலாம். 20 மணித்தியாலத் திட்டத்தில் வரும் அதே நேரத்துக்கு மட்டும் இது கிடையாது.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன்? 2000ஆம் ஆண்டில் எங்கள் மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. பாலர் பாடசாலைக் கடிதத்தில் ‘டொனேஷன்’ என்று ஒரு தொகை இருந்தது. கட்டாயம் என்று நினைத்தோம். கையில் காசில்லை, கேட்க வெட்கம். ஒரு வருடம் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தோம். அது நன்கொடை, கொடுக்காவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்திருப்பார்கள் என்று பின்னர்தான் தெரிந்தது. வணிகத்தில் பட்டம் பெற்ற எனக்கே இந்த நிலை. அந்த ஒரு வருடத்தை எந்தப் படிவம் நிரப்பியும் திரும்பப் பெற முடியவில்லை.

ஆகவே நேயர்களே, வெட்கப்படாமல் கேளுங்கள். பில்லையும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள். புதிதாக வந்த குடும்பம் ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.