கொப்பர்கேற் அகழ்வும் யோர்விக் நூதனசாலையும்

வைக்கிங்குகள் எனின் கொள்ளையரென்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவர்களாற் பாதிப்புற்ற மடாலயத் துறவியரின் குறிப்புகளே சான்றாயிருந்தமை இதற்குக் காரணமாகும். இக்கருத்தைப் பொதுமக்களிடையே மாற்றியோருள் பீற்றர் அடிமன் குறிப்பிடத்தக்கவர். மத்தியகாலத் தொல்லியலறிஞரான இவர், சவுதாம்ரன் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை விடுத்து, 1972இல் நிறுவப்பட்ட யோர்க் தொல்லியல் நிதியத்தின் முதற் பணிப்பாளரானார்.

அந்நிதியம் யோர்க் நகரின் கொப்பர்கேற் வீதியில் 1976 முதல் 1981 வரை மேற்கொண்ட அகழ்வைக் களத்தில் நெறிப்படுத்தியவர் றிச்சட் ஹோல். நீரூறிய மண்ணிற் காற்றுப் புகாமையால், பத்தாம் நூற்றாண்டு மரவீடுகளும் தோற்செருப்புகளும் உக்காது கிடந்தன. கொப்பர்கேற் என்பது கிண்ணஞ் செய்வோர் தெரு எனப் பொருள்படும். மரக்கிண்ணம் கடைந்த கழிவுகளே அங்கு வெளிப்பட்டன! பெயரும் மண்ணும் இவ்வாறு ஒத்துரைப்பது அரிது.

அடிமனின் துணிவு இதன் பின்னரே புலப்பட்டது. பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்குவதோடு அமையாது, அகழ்ந்த இடத்திலேயே நிலத்தடியில் அத்தெரு மீளமைக்கப்பட்டு, 1984இல் யோர்விக் நிலையம் திறக்கப்பட்டது. பார்வையாளர் சிற்றூர்திகளில் அமர்ந்து, சந்தை இரைச்சலைக் கேட்டும் மலக்குழி நாற்றத்தை நுகர்ந்தும் சென்றனர். கேளிக்கைக்கூடமெனச் சிலர் கண்டித்தனர். அக்கண்டனம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. மீளமைப்பு ஐயத்துக்குரியதையும் உறுதியானதுபோற் காட்டிவிடும். ஆயினும் துறவியர் எழுதாது விட்ட செருப்புத் தைப்போரையும் கிண்ணங் கடைவோரையும் சாதாரண மக்கள் அங்கேதான் கண்டனர். 2015 டிசெம்பர் வெள்ளத்தாற் சேதமுற்ற நிலையம் 2017இல் மீளத் திறக்கப்பட்டபோதும், அந்நாற்றம் மட்டுங் கைவிடப்படவில்லை.