சியாட்டிலின் கரண்ட் பில்

1931 மார்ச் மாதம் சியாட்டில் நகர மேயர் ஃபிராங்க் எட்வர்ட்ஸ், நகராட்சி மின்துறைத் தலைவர் ஜே.டி. ராஸின் சீட்டைக் கிழித்தார். வீண்செலவு, நிர்வாகக் கோளாறு என்று காரணம் சொன்னார். நான்கே மாதத்தில் ஊர் மக்கள் மேயரின் சீட்டைக் கிழித்தார்கள். கையெழுத்து இயக்கம் நடத்தி, ஜூலையில் வாக்கெடுப்பு வைத்து, பெரும் வித்தியாசத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த மேயர் முதல் வேலையாக ராஸை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தார். இயக்கத்தை முன்னின்று நடத்திய இளம் வக்கீல் மேரியன் ஸியோன்செக், பிறகு நாடாளுமன்றம் வரை போனார்.

இதில் வேடிக்கை, மேயர் சொன்னது முழுப்பொய் இல்லை. ராஸ் பெரும் செலவாளி. ஸ்காஜிட் ஆற்றில் அவர் எழுப்பிய டயாப்லோ அணை 1930இல் முடிந்தது. 389 அடி, அன்றைக்கு உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்று. ஆனால் மின்நிலையம் கட்டக் காசில்லை. ஆறு வருடம் அந்த அணை ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாமல் சும்மா நின்றது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையில்லாமல் தெருவில் நின்ற மக்கள், இப்படிப்பட்ட அதிகாரிக்காக ஏன் மேயரையே பலி கொடுத்தார்கள்?

பில் குறைவாக வந்ததுதான் காரணம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சியாட்டிலின் விளக்கும் டிராமும் சியாட்டில் எலக்ட்ரிக் கம்பெனி என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. அது வைத்ததே விலை. எரிச்சல் முற்றி, 1902இல் வாக்காளர்கள் 5,90,000 டாலர் கடன் பத்திரங்களுக்குச் சம்மதம் கொடுத்தார்கள். நகரம் தன் குடிநீர் எடுத்துக்கொண்டிருந்த சீடார் ஆற்றில் சொந்தமாக ஒரு மின்நிலையம் கட்டுவதற்கான பணம் அது. 1905 ஜனவரியில் தெருவிளக்குகள் எரிந்தன. அதே ஆண்டில் வீடுகளுக்கும் இணைப்பு வந்தது. போட்டி வந்ததும் தனியார் கம்பெனி தானாகவே விலையை இறக்கியது. மக்கள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. 1911இல் பொறுப்புக்கு வந்த ராஸ், மலிவு விலையையே தன் அரசியல் பலமாக்கிக்கொண்டார்.

அந்த மலிவுக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள் என்பதும் உண்டு. சீடார் ஆற்றில் நகரம் இன்னும் பெரிய கல்லணை ஒன்றைக் கட்டியது. அணையின் ஒரு பக்கம் பனியாறு விட்டுப்போன சரளை மேடு. அதில் தண்ணீர் நிற்காது என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. நின்றால்தானே! 1915 வசந்தத்தில் நீர்த்தேக்கத் தண்ணீர் நிலத்தடியில் கசிந்து, கீழே ரயில்வே குடும்பங்கள் வாழ்ந்த மாங்க்டன் என்ற சிற்றூரில் ஊற்றெடுத்தது. வெள்ளம் பாய்ந்து வரவில்லை. நாளுக்கு நாள் மட்டம் ஏறி, முற்றம், படிக்கட்டு, தரை என்று ஒவ்வொன்றாக மூழ்கியது. கடைசியில் ஊரே ஏரிக்குள் போனது. மூன்று வருடம் கழித்து, 1918 டிசம்பரில், அதே சரளை மேடு வேறொரு பக்கம் உடைத்துக்கொண்டது. எஜ்விக் என்ற மரஆலைக் குடியிருப்பு அடித்துச் செல்லப்பட்டது. இரவுக் காவலாளி ஆலைச் சங்கை ஊதி எல்லோரையும் எழுப்பியதால் உயிர்கள் தப்பின. நகரம் நஷ்டஈடு கொடுத்தது. அணையும் நினைத்த பலனைத் தரவில்லை. பொதுப்பணம் கண்ணெதிரே கசிந்து ஓடியதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. ஆனாலும் சியாட்டிலில் பில் ஏறவில்லை. ஆகவே கோபமும் பெரிதாக எழவில்லை.

ராஸ் இதை நன்றாகப் படித்திருந்தார். ஸ்காஜிட்டில் வேலை தொடங்கியதும் வாக்காளர்களையே அங்கே சுற்றுலா அழைத்துப்போனார். மின்துறையின் சொந்த ரயிலில் மலைக்குள் பயணம். நியூஹேலம் முகாமில் சாப்பாடும் இரவுத் தங்கலும். இருட்டியதும் லேடர் க்ரீக் அருவிக்கரைத் தோட்டத்தில் வண்ண விளக்குகள் எரியும். மரங்களுக்கு இடையே ஒலிபெருக்கியில் இசை வரும். மறுநாள் சாய்வு லிஃப்டில் ஏறி ஏரியில் படகுச் சவாரி. ஊர் திரும்பியவர்கள் கடன் பத்திரம் என்றால் கையைத் தூக்காமல் என்ன செய்வார்கள்? 1931இல் எட்வர்ட்ஸ் மோதியது ஒரு தனி அதிகாரியோடு அல்ல. அந்தச் சுற்றுலா போய்வந்த ஊரோடு. ராஸை நீக்கியதன் பின்னால் தனியார் மின் கம்பெனியின் கை இருக்கிறது என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

ராஸ் 1939இல் இறந்தார். அதற்கு முன் 1937இல் பான்வில் என்ற மத்திய அரசு மின் அமைப்புக்கும் முதல் தலைவராகியிருந்தார். 1951இல் நகரம் தனியார் கம்பெனியின் உள்ளூர்ச் சொத்துகளை விலைக்கு வாங்கியதோடு, ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் கம்பங்கள் நின்ற காலம் முடிந்தது. அதற்கான வாக்கெடுப்பு சில நூறு ஓட்டு வித்தியாசத்தில்தான் தேறியது.

அடுத்த சோதனை 1970களில். வாஷிங்டன் மாநிலத்தின் பொதுத்துறை மின்நிறுவனங்கள் கூடி உருவாக்கிய வாஷிங்டன் பொது மின்வழங்கல் அமைப்பு, ஒரே மூச்சில் ஐந்து அணுவுலைகள் கட்டக் கிளம்பியது. மின்தேவை சில ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பது அன்றைய ஜோசியம். நான்காம், ஐந்தாம் உலைகளுக்கு 88 நகராட்சிகளும் மாவட்ட மின்வாரியங்களும் கூட்டுறவுகளும் கையெழுத்துப் போட்டன. ஒப்பந்தத்தின் ஷரத்து பயங்கரமானது: உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், கட்டி முடித்தாலும் முடிக்காவிட்டாலும், கடனை அடைக்க வேண்டும். சியாட்டில் மின்துறை அதிகாரிகளும் சேரத்தான் சொன்னார்கள். ஆனால் ‘எனர்ஜி 1990’ என்ற ஆய்வு, புது உலையில் பங்கு வாங்குவதைவிட வீடுகளில் மின்சாரத்தைச் சேமிக்க வழி செய்வது மலிவு என்று கணக்குக் காட்டியது. குடிமக்கள் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1976இல் நகரமன்றம் வேண்டாம் என்று வாக்களித்தது. பில் ஏறிய பிறகு கத்துவதை விட்டு, ஏறுவதற்கு முன்பே கணக்கைக் கேட்ட அபூர்வமான தருணம் இது. சியாட்டிலின் மின் வரலாற்றில் 1931ஐவிட இதுதான் பெரிய வெற்றி. இதற்கு ஊர்வலமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை.

மற்ற ஊர்கள் மாட்டிக்கொண்டன. ஐந்து உலைகளுக்கும் தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு சுமார் 410 கோடி டாலர். 1981இல் அது 2,400 கோடியை நெருங்கியது. வடிவமைப்பு கட்டக் கட்ட மாறியது, ஒப்பந்தக்காரர்கள் ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டார்கள், வட்டி விகிதம் விண்ணில் இருந்தது. அந்த நவம்பரில், பெரிய மின்திட்டங்களுக்குக் கடன் எழுப்ப வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்ற 394ஆம் முன்மொழிவை வாஷிங்டன் மாநில மக்களே வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். நீதிமன்றம் பிறகு அதைச் செல்லாததாக்கியது. 1982 ஜனவரியில் நான்கும் ஐந்தும் கைவிடப்பட்டன. கட்டாத உலைக்குப் பணம் கட்டு என்று பில் வந்ததும் சிற்றூர்கள் கொதித்தன. ‘கொதித்தெழுந்த கட்டணதாரர்கள்’ என்றே பெயர் வைத்துச் சங்கம் தொடங்கினார்கள். மின்வாரியக் கூட்டம் என்றால் முன்பெல்லாம் காலி நாற்காலிகள்தான். இப்போது நிற்க இடமில்லை.

1983 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், அப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட உள்ளாட்சி மின்வாரியங்களுக்கு அதிகாரமே கிடையாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் திவாலாயின. அமெரிக்க உள்ளாட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் இல்லை. கட்டணதாரர் தப்பினார், பத்திரம் வாங்கியிருந்த ஓய்வுபெற்ற முதியவர் மாட்டினார். ஐந்தில் ஓடியது ஒன்றே ஒன்று, இரண்டாம் உலை. உலை கட்டத் தொடங்கிய சாட்ஸாப்பில் பயன்படாத இரண்டு குளிரூட்டும் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. முதல் மூன்று உலைகளின் கடனோ, பான்வில் விற்கும் மின்சாரத்தின் விலையில் கலந்து, வேண்டாம் என்று சொன்ன சியாட்டிலின் பில்லிலும் பல ஆண்டுகள் ஏறியது.

அதன்பிறகு அவ்வளவு தெளிவான வெற்றி நகரத்துக்கு வாய்க்கவில்லை. 2000இல் சென்ட்ரேலியா நிலக்கரி நிலையத்தில் தனக்கிருந்த பங்கை விற்றது. அடுத்த வருடமே வறட்சி. கலிஃபோர்னியாவின் மின்சந்தைக் கோளாறில் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்த நேரத்தில் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்க வேண்டிவந்தது. கட்டணம் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் உயர்ந்தது. 2003இல் நகரமன்றம் மின்துறைத் தலைவர் கேரி ஸார்கரின் பதவியை நீட்டிக்க மறுத்தது. மழை பெய்யாததற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் யாராவது ஒருவர் போகத்தான் வேண்டியிருந்தது.

2016இல் வந்த புதிய பில்லிங் மென்பொருளின் கதை இன்னும் சங்கடமானது. திட்டமிட்டதைவிட சுமார் 4 கோடி டாலர் கூடுதல் செலவு, மாதக்கணக்கில் தாமதம். சியாட்டிலிலும் நம்மூர்போல வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில். மீட்டரைப் படிக்காமல் உத்தேசக் கணக்குப் போட்டு, பிறகு வித்தியாசத்தை மொத்தமாகச் சேர்த்து அனுப்பியதில் சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு பில் வந்தது. அணை கசிந்தபோது வாளாவிருந்த ஊர், ஒரு தாளில் அச்சான எண்ணைப் பார்த்துக் கொந்தளித்தது. 2018இல் மேயர் மறுஆய்வுக்கு உத்தரவிட்டார்.

இப்போது பேச்சு மறுபடி ஸ்காஜிட்டுக்கு வந்திருக்கிறது. அந்த ஆற்றில் நகரத்துக்கு இருக்கும் மூன்று அணைகளுக்கும் 1995இல் கிடைத்த முப்பதாண்டு உரிமம் 2025இல் முடிந்தது. அவற்றில் ஒன்றான கார்ஜ் அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையை மைல் கணக்கில் வறள விட்டுத்தான் நகரம் அத்தனை காலம் மலிவு மின்சாரம் எடுத்தது என்று அப்பர் ஸ்காஜிட் பழங்குடியினர் சொல்கிறார்கள். அந்த அணையை அகற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். சால்மன் மீன்கள் அணைகளைத் தாண்டிப் போக வழி அமைக்க வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை. ராஸின் காலத்தில் எந்தக் கணக்கிலும் வராத அந்தச் செலவு எவ்வளவு ஆனாலும், அதையும் கட்டப்போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அதே பில்தான்.